சைந்தவனுக்கு என்ன அர்த்தம்

அங்கேயே நில்லுங்க. இன்னும் ரெண்டு அடி வச்சீங்கன்னா ஊருக்குள்ள வந்ததா ஆயிடும், அது இப்போ கூடாது. பாலத்துக்கு நடுவுல மஞ்சள் பூசி வேப்பிலை சொருவின கல்லு இருக்கு பாருங்க, அதுதான் எல்லை. நீங்க அந்தப் பக்கத்துக் கட்டையில உக்காருங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். பூசாரி வர எப்படியும் அரை மணி ஆவும். குளிச்சி, ஈரத்துணியோட கோயிலைச் சுத்தி, அம்மனுக்குக் கற்பூரம் காட்டிட்டுத்தான் வருவாரு. இந்த வெயில்ல உக்கார வச்சிட்டேன்னு கோவிச்சிக்காதீங்க. தண்ணி வேணும்னா பாட்டிலை உருட்டி விடறேன். பாட்டிலு எல்லை தாண்டலாம், அதுக்குக் காப்பு கட்டல.

நான்தான் கஜேந்திரன். பஸ்ஸ்டாப்புச் சுவத்துல போஸ்டர் பார்த்திருப்பீங்க, பாரதப் பிரசங்கின்னு போட்டு சால்வையோட ஒரு போட்டோ. அது பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. இந்தக் கீழ்ச்சிறுதாங்கல் திரௌபதியம்மன் கோயில்ல பதினாலு வருஷமா நான்தான் பாரதம் படிக்கிறேன். தொழிலுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு. உங்க பேரையும் கேள்விப்பட்டிருக்கேன். நல்லாப் பாடுவீங்களாம், தத்துவம்தான் கொஞ்சம் கம்மியாம். நான் சொல்லலீங்க, ஊர்ல பேசிக்கறாங்க.

உங்களை எதுக்கு வரவழைச்சாங்கன்னு சொன்னாங்களா? அபிமன்யுவைக் கொல்றதுக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இன்னிக்கு மூணு மணிக்கு நீங்க மேடையேறி அவனைக் கொல்லணும். காப்பு கட்டின பன்னண்டாம் நாளே சாவ வேண்டியவன். இன்னியோட இருபத்தோரு நாள். ஒம்பது நாளா நான் அவனை சக்கர வியூகத்துக்குள்ளயே உசுரோட நிக்க வச்சிருக்கேன்.

இந்த ஊர் முறை உங்களுக்குத் தெரியணும். எங்க பக்கம் எல்லா ஊர்லயும் காப்பு கட்டுவாங்க, ஆனா இங்க கெடுபிடி ஜாஸ்தி. பிரசங்கிக்கு, பூசாரிக்கு, கோயில் தலைவருக்கு, தீ மிதிக்கிற நாலு பேருக்கு, ஆக மொத்தம் ஏழு பேருக்கு மணிக்கட்டுல மஞ்சள் கயிறு. கட்டினப்புறம் இந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. அம்மனோட போர்க்களத்துல நாம நிக்கிறோம், களத்தை விட்டு ஓடினவன் ஆயிடுவோம்னு கணக்கு. பாரதப் போர் முடியணும், துரியோதனன் சாவணும், தீ மிதிச்சாவணும். அதுக்கப்புறம்தான் கயிறு அவுரும். அதுவரைக்கும் ஊர்ல கல்யாணம் கிடையாது, காது குத்து கிடையாது. நடுவுல பிரசங்கி மாறினா, பழைய ஆளு கயிறை இந்தக் கல்லுக்கு மேலதான் அவுக்கணும், அதே கயிறைப் புது ஆளுக்குக் கட்டணும். கத்தி, கத்திரிக்கோல் படக் கூடாது. விரலாலதான் அவுக்கணும், அதுவும் வர்ற ஆளோட விரலால. அதனாலதான் உங்களை நிறுத்தி வச்சிருக்கேன், வேற ஒண்ணும் இல்ல.

பதினாலு வருஷத்துல இப்படி ஒரு தடவைகூட ஆனதில்ல. என்னை மாத்தறாங்க. என்னை. போன வாரம் வரைக்கும் இந்த ஊரே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கேன். யாரோ ஏதோ சொல்லி நீங்க என்னைத் தப்பா நெனைச்சிக்கக் கூடாது பாருங்க.

என் பிரசங்கம் எப்படின்னா, கதையை மட்டும் சொல்லிட்டுப் போற ஆளு இல்ல நான். ஒவ்வொரு வீரனுக்கும் அர்த்தம் சொல்வேன். பாண்டவர் அஞ்சு பேரும் அஞ்சு புலன். கௌரவர் நூறு பேரும் மனசுல மொளைக்கிற நூறு ஆசை. கண்ணு தெரியாத ராஜா நம்ம அறியாமை. தேர் இந்த உடம்பு, அதை ஓட்டற கிருஷ்ணன் உள்ளேருந்து பேசற புத்தி. அபிமன்யுதான் ஜீவன். வயித்துக்குள்ள இருக்கறப்பவே வியூகத்துல நுழையற வித்தையைக் கேட்டுட்டான், வெளிய வர்ற வித்தையைக் கேக்கறதுக்குள்ள பெத்தவளுக்குத் தூக்கம் வந்துடுச்சி. நாம எல்லாருமே அப்படிப் பொறந்தவங்கதானே. உள்ள அவனைச் சுத்தி நின்ன ஆறு மகாரதர்தான் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம். ஆறு பேருக்கும் தலைக்கு அரை மணி நேரம் வச்சிருக்கேன். கர்ணனை நான் மோகம்னு வைப்பேன், சிநேகிதன் மேல வச்ச மோகம். அங்க பொம்பளைங்க அழுவாங்க. ஆம்பளைங்க எழுந்து போய் பீடி பத்த வச்சிக்கினு அழுவாங்க.

போன வருஷம் அந்த இடத்துல புதுசா ஒண்ணு சொன்னேன். தானா வந்துச்சு, வாயில அம்மன் வச்ச மாதிரி. வெளிய வர்ற வழி தெரிஞ்சாத்தான் உள்ள போவேன்னு சொல்றவன் வியாபாரி, வழி தெரியாமலும் நுழையறவன்தான் வீரன்னு சொன்னேன். கைதட்டு ஓயவே இல்ல. அன்னிக்கு மேடையை விட்டு எறங்கினதும் ஒரு பையன் வந்து கால்ல விழுந்தான். யுவராஜ்னு பேரு. டிப்ளமா படிச்சிட்டு ஷூ கம்பெனியில ஒட்டற வேலை செஞ்சிக்கினு இருந்தவன். தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை ஒண்ணு வந்திருக்கு, அம்மா பயப்படுது, போவலாமாய்யான்னு கேட்டான். நான் என்ன சொல்லுவேன்? மேடையில சொன்னதுக்கு மாறாச் சொல்ல முடியுமா? விபூதி பூசி, போய்ட்டு வாடான்னேன். வேலையை ஏற்பாடு பண்ணினவன் யாரோ ஒரு ஏஜெண்டு. அது கெடக்கட்டும்.

இந்த வருஷம் காப்பு கட்டற அன்னிக்கு வந்து எறங்கறேன், இதே பாலம், காலையில பத்தரை மணி. அந்தப் பையனோட அம்மா அம்சவேணி இங்க நின்னுக்கினு இருக்கு. புருஷன் இல்லாத பொம்பளை, ஒரே புள்ள. நூறு நாள் வேலைக்குப் போற கை, காய்ச்சுப் போயிருக்கும். அதுதான் சொல்லுச்சு. தாய்லாந்துல எறக்கி, ஏதோ ஆத்தைத் தாண்டி வேற தேசத்துக்குக் கூட்டினு போய்ட்டாங்களாம். பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கினாங்களாம். பெரிய காம்பவுண்டு, சுவத்து மேல கம்பி. தினம் பதினாறு மணி நேரம் பொம்பளை மாதிரி போன்ல பேசி யாரையாவது ஏமாத்தணுமாம். ஆள் சிக்கலன்னா சோறு கிடையாது, அடி. கக்கூஸுக்குள்ள இருந்து திருட்டுத்தனமா ரெண்டு தடவை போன் பண்ணானாம். மூணாவது தடவை பண்ணலை. சொல்லிட்டு அந்தம்மா அழல, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

என்கிட்ட அது கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என்கூட டவுனுக்கு வாங்க, எஸ்.பி. ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போடுங்கன்னுச்சு. எந்தக் கட்டடத்துல வச்சிருக்காங்கன்னு அனுப்பினவனுக்குத்தான் தெரியும், அவனைக் காட்டினா மீதியை நாங்க பார்த்துக்கறோம்னு அங்க சொல்லிட்டாங்களாம். ஏஜெண்டு ஆபீஸைப் பூட்டிட்டான், போனும் எடுக்க மாட்டேங்கறான். அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்னு அந்தம்மாவுக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க.

பதினொண்ணரைக்கு டவுன் பஸ். பன்னண்டு மணிக்குக் காப்பு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க. ஊரே கோயில் வாசல்ல நிக்குது. பூசாரி எப்பவும் தலைவருக்குத்தான் மொதல்ல கட்டுவாரு. அன்னிக்கு என்னமோ ஒரு பக்தி வந்துடுச்சு எனக்கு. பதினொண்ணேகாலுக்கே போய் நின்னு, எனக்குக் கட்டிடுங்க பூசாரி, மனசு படபடன்னு இருக்குதுன்னு கையை நீட்டிட்டேன். அவரும் கட்டிட்டாரு. திரும்பிப் பார்த்தா அம்சவேணி பின்னாடியே நிக்குது. கையைத் தூக்கிக் காட்டினேன். அம்மா, பார்த்தீல்ல, களத்துல எறங்கிட்டேன், இனிமே எல்லை தாண்டக் கூடாது. அர்ச்சுனனோட அண்ணன் பீமன், அவ்ளோ பலசாலி, சிவன் மாலையைத் தாண்டாம நின்னவன். நான் எம்மாத்திரம்? காப்பு அவுந்த மறு நிமிஷம் உன்கூட வரேன்னேன். கற்பூரத்து மேல அடிச்சிச் சத்தியம் பண்ணச் சொல்லுச்சு. பண்ணினேன். பொய்யா பண்ணுவேன், அம்மன் முன்னாடி? வரணும்னுதான் பண்ணினேன்.

அந்த மாலைக் கதை உங்க பாடத்துலயும் இருக்கும்ல. அபிமன்யு உள்ள நுழைஞ்சிட்டான். பின்னாடியே பீமன் கதாயுதத்தைத் தூக்கிக்கினு ஓடி வரான், புள்ளையைக் காப்பாத்த. வாசல்ல துரியோதனனோட தங்கச்சி புருஷன் சைந்தவன் நிக்கிறான். பலத்தால பீமனை நிறுத்த முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். அதனால சிவனோட கொன்றை மாலையைக் கொண்டாந்து வழியில போட்டுட்டான். பீமன் சிவ பக்தன். மாலையைத் தாண்டலாமான்னு தயங்கி நின்னுட்டான். உள்ள புள்ள கத்தறது காதுல விழுது. இவன் மாலையைப் பார்த்துக்கினு நிக்கிறான்.

பன்னண்டாம் நாள் அந்த எடத்துக்கு வந்துட்டேன். ஆறு மகாரதருக்கும் அர்த்தம் சொல்லி முடிச்சாச்சு. கூட்டம்னா கூட்டம், பள்ளிக்கூடத்துச் சுவத்து மேலகூட ஆளு. இனிமே அபிமன்யு கையில தேர்ச் சக்கரத்தை எடுக்கணும், அதுவும் உடையணும், அவ்ளோதான் பாக்கி. மொத வரிசையில உக்காந்திருந்த அம்சவேணி எழுந்து நின்னுச்சு. பொம்பளைங்க நடுவுல எழுந்து கேள்வி கேக்கற வழக்கம் இந்த ஊர்ல இல்ல. அது கேட்டுச்சு.

"உள்ள நின்ன ஆறு பேருக்கும் அர்த்தம் சொல்லிட்டீங்க. வாசல்ல நின்னவனை விட்டுட்டீங்களே. உதவிக்கு வந்தவங்க வர முடியாம சாமி மாலையைக் குறுக்கப் போட்டானே, சைந்தவன், அவனுக்கு என்ன அர்த்தம்?"

முப்பத்தோரு வருஷத்துல யாரும் கேட்டதில்ல. எனக்கும் தோணினதில்ல.  நாளைக்குச் சொல்றேம்மான்னு ஏட்டை மூடிட்டேன். படிக்காத பொம்பளைக்கு எவ்ளோ ஞானம் பாருங்கன்னு சாயங்காலம் தலைவர் தனகோட்டிகிட்டகூடச் சொன்னேன். அவரு ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போனாரு.

மறுநாள் மேடையேறி அந்தம்மா மொகத்தைப் பார்த்தேன். இந்தப் பெத்தவ முன்னாடி எப்படி ஒரு புள்ளையைக் கொல்றதுன்னு ஆயிடுச்சு.  அபிமன்யு வில்லை வர்ணிச்சேன். குதிரைங்களை வர்ணிச்சேன். மூணு மணி நேரம் போச்சு, அவன் சாவல. ஜனங்களுக்கும் புரிஞ்சிடுச்சு, இந்தப் பிரசங்கி அம்சவேணி புள்ளைக்காக அபிமன்யுவைக் காப்பாத்தறாருன்னு. ஊரே காலைத் தொட்டுச்சுன்னு சொன்னேனே, அது அன்னிக்குத்தான். ஒரு பொம்பளை என் கையைக் கண்ணுல ஒத்திக்கினா. அப்புறம் எப்படிங்க நான் கொல்லுவேன்?

நாலு நாள் நல்லாப் போச்சு. அஞ்சாம் நாள்லேருந்து மொணமொணப்பு. தனகோட்டியோட பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம், மண்டபம் சொல்லியாச்சு, திருவிழா முடியாம தாலி கட்டக் கூடாது. தீ மிதிக்கிறவங்கள்ல ஒருத்தன் லாரி ஓட்டறவன், வண்டி ஷெட்டுல நிக்குது. களத்துல துரியோதனனுக்கு எழுபதடி மண்ணுல உருவம் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க, அது வெயில்ல காஞ்சி தொடை வெடிச்சிப் போச்சு. பீமன் அடிக்கறதுக்கு முன்னாடியே வெடிச்சிடுச்சிய்யான்னு கடைசி நாள் அவனை அடிச்சிக் கொல்ல வேண்டிய கூத்துக்காரங்க கிண்டல் பண்றாங்க. அவங்களுக்கும் அடுத்த ஊருக்குப் போயாவணும். தனகோட்டி வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு, தலையை ஆட்டினேன். மேடையேறினா முடியல. ஏழாம் நாள் தேர்க் கொடியில இருந்த பறவையை வர்ணிச்சேன். எட்டாம் நாள் வர்ணிக்க ஒண்ணும் இல்ல, நீதி சொன்னேன்.

எனக்கு மட்டும் சுகமான்னு நெனைக்காதீங்க. பள்ளிக்கூடத்து வகுப்பறையில ரெண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுக்கறேன். ஜன்னல்ல இந்தப் பாலம் தெரியும். பத்தரை பஸ், பதினொண்ணரை பஸ், ஒண்ணே முக்கால் பஸ், எல்லாம் வந்து நின்னு போறதைப் பார்த்துக்கினே உக்காந்திருப்பேன். மூச்சு முட்டுது சில நேரம். ஆனா கயிறைப் பார்த்தா மனசு நெலைக்கு வந்துடும். தினம் குளிச்சதும் ஒரு தடவை முடிச்சை இழுத்துப் பார்ப்பேன், கெட்டியா இருக்குதான்னு. அது ஒரு பழக்கமா ஆயிடுச்சு.

என் பொண்ணு தினம் ரெண்டு வேளை போன் பண்ணும். அஞ்சு மாசம் முழுகாம இருக்குது, பேரு தாட்சாயணி. அப்பா, திருவிழா முடிஞ்சிடுச்சான்னு கேக்கும். இல்லம்மான்னா, அப்பாடான்னு மூச்சு விடும். பக்கத்துல அதோட வூட்டுக்காரன் நின்னுக்கினு கேட்டுக்கினு இருப்பான், மூச்சு விடறது ரெண்டு பேரோடதா இருக்கும். இன்னும் எத்தனை நாள் இழுக்கலாம் மாமான்னு ஒரு நாள் அவனே வாங்கிக் கேட்டான். நான் ஒண்ணும் இழுக்கலடா, ஒரு தாய்க்காகப் பண்றேன்னு சத்தம் போட்டேன். அவனுக்குத் தத்துவமெல்லாம் புரியாது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

சரி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ஊருக்கே தெரியும். அந்த ஏஜெண்டு எனக்கு உறவுதான். தங்கச்சி மகன். கோபிநாத்துன்னு பேரு, தாட்சாயணியைக் கட்டினவன் அவன்தான். கெட்டவன் இல்லீங்க. மேல இருக்கறவங்க சொன்னாங்க, ஆள் புடிச்சி அனுப்பினான், அங்க போய் இப்படி ஆவும்னு அவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சப்புறமும் ரெண்டு பேரை அனுப்பினானேன்னு கேப்பீங்க. அதை அவன்கிட்டத்தான் கேக்கணும். இப்போ ஆபீஸைப் பூட்டிட்டு எங்க வூட்டு மாடியில இருக்கான். ஜன்னலைக்கூடத் தொறக்கறதில்ல. சோறு மேலதான் போவுது. அவனும் ஒரு விதத்துல அடைஞ்சிதான் கெடக்கறான். நான் போய் ஒரு கையெழுத்து போட்டேன்னா, வயித்துல புள்ளையோட என் பொண்ணு யாரு மொகத்தைப் பார்க்கும்? சொல்லுங்க. அந்த அம்சவேணிக்கு ஒரே புள்ளன்னா எனக்கும் ஒரே பொண்ணுதானே.

அதுக்காக நான் சத்தியத்தை மீறலியே. காப்பு அவுந்ததும் வரேன்னேன். காப்பு அவுரல. அவ்ளோதானே.

இப்போ விஷயத்துக்கு வரேன். நேத்து சாயங்காலம் கோயில் வாசல்ல கூட்டம் போட்டாங்க. என்னைக் கூப்புடல. அப்புறம் தனகோட்டி வந்து, வேற பிரசங்கிக்குச் சொல்லி விட்டாச்சு, நாளைக்கு உங்க கயிறு அவுரும்னாரு. நான் கேட்டேன், ஏன்யா, நான் யாருக்காக இதைச் செய்யறேன், அந்தப் பெத்தவ மொகத்தை ஒரு நிமிஷம் நெனைச்சிப் பார்த்தீங்களான்னேன்.  அதுக்கு அவரு சொன்னாரு, கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே அம்சவேணிதானாம். ஊர்ப் பெரியவங்க அத்தனை பேரு நடுவுல நின்னு அது சொன்னதை அப்படியே என்கிட்டச் சொன்னாரு.

"அபிமன்யு செத்தாத்தான் வெளிய இருக்கற அர்ச்சுனன் சைந்தவன் மேல வில்லை எடுப்பான். இவரு அவனைக் காப்பாத்தல. எல்லாரையும் வாசல்லயே நிக்க வச்சிருக்காரு. வேற ஆளைக் கூட்டியாந்து கொன்னுடுங்க."

பெத்தவ பேசற பேச்சாங்க இது?  ஒம்பது நாளா தொண்டை கிழிய யாருக்காகக் கத்தினேனோ அவளே போய்க் கொன்னுடுங்கன்னு சொல்லியிருக்கா. நன்றி கெட்ட பொம்பளைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. படுத்தா தூக்கம் வரல. என்னை ஏமாத்திட்டாளேன்னு கோவம். கோவம்னுதான் நெனைச்சேன். விடியறப்போ யோசிச்சிப் பார்த்தா அது கோவம் இல்ல, பயம்.  காப்பு கட்டின கையை இன்னொரு கையால புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

நீங்க பஸ்ஸை விட்டு எறங்கினப்போ பார்த்திருப்பீங்களே. போஸ்டர் ஒட்டின சுவத்துகிட்ட ஒரு பொம்பளை நிக்குது, நெழல்கூட இல்லாம, கையில பிளாஸ்டிக் கவர். திரும்பிப் பார்க்காதீங்க, அவதான். காலையிலேருந்து நிக்குது. கவர்ல மனு இருக்கு, புள்ளையோட போட்டோ இருக்கு. அதுக்குக் காப்பு இல்ல, அது தாண்டலாம். மேடை முன்னாடி உக்காந்து அழ வேண்டியவ பஸ்ஸ்டாப்புல நிக்கறா பாருங்க.

பம்பைச் சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. தனகோட்டியும் வராரு.

ஒண்ணு கேக்கறேன், ஒரே தொழில் பண்றவன்ற முறையில. இப்போகூட நீங்க ஒடம்பு சரியில்லன்னு சொல்லித் திரும்பிடலாம். எதிர்ப் பக்கம் பஸ் இருக்கு. நாளைக்கு வரேன்னு சொல்லுங்க, ஒரு நாள் போதும். மாட்டேன்னு தலையை ஆட்டறீங்க. சரி. உங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல. உங்களுக்கும் ஏடு எடுத்தா கொல்லணும், அதுதான் முறை.

அப்படின்னா இன்னொண்ணு. சாயங்காலம் யாராவது எழுந்து சைந்தவனுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, பெரிய பாவின்னு சொல்லிடாதீங்க. அவனுக்கும் வூட்ல ஒரு பொண்ணு இருந்துச்சின்னு சொல்லுங்க. அது ஏட்டுல இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்க. பயந்துபோய்த்தான் மாலையை எடுத்தான், மாலை போட்டப்புறம் அவனாலயும் அதைத் தாண்ட முடியலன்னு சொல்லுங்க.

வாங்க பூசாரி. வாங்க தலைவரே. இந்தாங்க பிரசங்கியாரே, கையை நீட்டிட்டேன். கல்லுக்கு மேல புடிங்க. ம், இழுங்க. வரலியா? இருபத்தோரு நாள் தண்ணி பட்ட கயிறு, இறுகிப் போயிருக்கு. நெகத்தால நெம்புங்க. வராதுங்க. நான் சொல்றேன், வராது. பூசாரி, முடிச்சு அவுரலன்னா அம்மனுக்கு இஷ்டம் இல்லன்னுதானே அர்த்தம்? ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கறீங்க?

அவளா வரா?

கிட்ட வந்துட்டா. என்னைப் பார்க்கல பாருங்க, கயிறைத்தான் பார்க்கறா. முந்தானையில குத்தியிருந்த ஊக்கை எடுத்து உங்ககிட்ட நீட்டறா. பூசாரி, ஊக்கு படலாமா? படலாமாம். ஆயுதம் இல்லியாம். வாங்கிக்குங்க. முடிச்சுக்கு நடுவுல குத்தி நெம்புங்க, அப்படித்தான். பரவால்ல, கையில பட்டாப் படட்டும்.

சட்டைப் பையில போன் அடிக்குதே. தாட்சாயணிதான், இந்த நேரத்துக்குத்தான் பண்ணும். முடிஞ்சிடுச்சாப்பான்னு கேக்கும். ஒரு கையை நீங்க புடிச்சிருக்கீங்க. இன்னொரு கை சும்மாதான் இருக்கு.

அடிக்கட்டும். நீங்க அவுத்துடுங்க.